நான் நகர்த்திய பாறை

ஆற்றோரத்தில் நின்று ஆயில் பெயிண்டிங் செய்ய ஆசைப்படுகிற பிள்ளைகள் இப்போது நிறையப் பேர் என்னைத் தேடி வருகிறார்கள். "அங்கிள், எந்த பிராண்ட் பெயிண்ட் நல்லா இருக்கும்?" என்று கேட்கிறார்கள். பிராண்டைப் பற்றிக் கடையில் கேளுங்கள். என்னிடம் கேட்டால் மணியம் செத்த கதையைத்தான் சொல்வேன். பிடிக்காதவர்கள் இத்தோடு எழுந்து போகலாம்.

தொழில்

என் பெயர் பரமசிவம். வீடு கிள்ளானில். முப்பது வருடத்துக்கு மேலாக ஆறு, ஓடை, அருவி இவற்றை நேரில் போய் நின்று வரைந்து விற்றுத்தான் சோறு தின்கிறேன். ஹோட்டல், கிளினிக், வக்கீல் ஆபீஸ் என்று எங்கே வெறும் சுவர் இருக்கிறதோ அங்கே என் ஆறு தொங்கும்.

நேரில் வரைவதில் ஒரு கஷ்டம் உண்டு. காலை வெயில் ஒரு நிலையில் இரண்டு மணி நேரம்தான் நிற்கும். அதற்குள் நிழலைப் பிடிக்க வேண்டும். மத்தியானம் தாண்டினால் மழை. கொசு எந்நேரமும் உண்டு. இதையெல்லாம் தாண்டிப் படத்தைக் கொண்டுபோய் வைத்தால், கஸ்டமர் வேறு மாதிரிக் கழுத்தை அறுப்பார்.

கிள்ளானில் ஒரு பல் டாக்டரம்மா, படத்தை நிமிர்த்தி வைத்த உடனே முகத்தைச் சுளித்தார்.

"என்னா அங்கிள், தண்ணி தே தாரே டீ கலர்ல இருக்கு? பேஷண்ட் பாத்தா பயந்துருவாங்க லா. கொஞ்சம் புளூவா போட்டுக் குடுங்க."

"ஆறு அப்படித்தாம்மா இருக்கு."

"அது ஆத்துல இருக்கட்டும். இது என் கிளினிக்."

நீலம் போட்டுக் கொடுத்தேன். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. மிதக்கும் பிளாஸ்டிக்கை எடுத்துவிடுவேன். வளைந்த மரத்தை இன்னும் கொஞ்சம் வளைப்பேன். கல்லை நகர்த்துவேன். படத்தின் நடுவில் ஒரு பெரிய கல் உட்கார்ந்துகொண்டால் கண் அங்கேயே குத்திட்டு நிற்கும், மற்ற இடத்துக்குப் போகாது. அதை ஓரமாகத் தள்ளினால்தான் கம்போசிஷன் உட்காரும். கல்யாண போட்டோவில் மாப்பிள்ளையின் பருவை அழிக்கிறார்களே, அதைப் பொய் என்று யாராவது சொல்கிறார்களா?

ஒருவன் மட்டும் சொல்வான். அவன்தான் மணியம்.

மணியம்

பிரிக்பீல்ட்ஸ்காரன். ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிறகு பிரஷ்ஷைக் கையில் எடுத்தவன். எனக்கும் அவனுக்கும் ஒரே வயது. என் வேனில்தான் இரண்டு பேரும் போவோம். கொம்பாக் ஆறு, அம்பாங் பக்கத்து ஓடைகள், உலு லங்காட்டின் உள்பகுதி என்று வாரத்துக்கு இரண்டு நாளாவது எங்காவது தண்ணீர் பக்கம் நிற்போம்.

அவன் இருப்பதை இருக்கிறபடி வரைவான். செத்த மீன் கிடந்தால் செத்த மீன். சாக்கடைக் குழாய் வந்து விழுந்தால் சாக்கடைக் குழாய். பிரஷ் காம்பை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, மரத்துக்கும் கல்லுக்கும் எத்தனை காம்பு என்று அளந்து அளந்து போடுவான். பார்க்கிற எனக்கு எரிச்சலாக வரும்.

"டேய், நீ ஆர்ட்டிஸ்டா, சர்வேயரா?"

"ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு சொல்லியிருக்காங்கடா."

"அளந்து போட்டு ஒன்னாவது வித்துருக்கியா?"

"நீ வித்ததுல ஒன்னாவது ஆறா?"

இப்படித்தான் பேசிக்கொள்வோம். அவன் படம் ஒன்றுகூட விற்றதில்லை. எல்லாம் அவன் வீட்டு அலமாரிக்குப் பின்னால் போய்ச் சேரும். "புடவை மடிச்சு வைக்க எடமில்லண்ணே, எல்லாம் ஆறா கெடக்கு" என்று அவன் மனைவி சரோஜா என்னைப் பார்க்கும்போதெல்லாம் முறையிடுவாள்.

எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு இருந்தது. வரையும் இடத்தில் போட்டோ எடுக்கக் கூடாது. எடுத்தால், வீட்டுக்குப் போய் போட்டோவைப் பார்த்து முடித்துக்கொள்ளலாம் என்ற சோம்பல் வரும், கண் மழுங்கிப்போகும். அதனால் இரண்டு பேர் போனும் வேனிலேயே கிடக்கும். நேரில் நின்று வரைகிற எல்லாக் கூட்டத்திலும் இந்தத் திமிர் கொஞ்சம் உண்டு. எங்களுக்கு நிறையவே இருந்தது.

இன்னொன்று. நான் கரையில் நிற்பேன், அவன் தண்ணீருக்குள் நிற்பான். ஓடையின் நடுவில் தட்டையாக ஒரு பாறை கிடைத்தால் அங்கே போய் ஈஸலை நட்டுவிடுவான். கரையிலிருந்து பார்த்தால் கரைதான் தெரியும், ஆறு தெரியாது என்பான்.

தண்ணீரின் நிறம்

மணியம் செத்த அந்த இடம் உலு லங்காட் பக்கம், ஒரு டுரியான் தோட்டத்துக்குப் பின்னால் இருந்தது. குளிக்க வருகிற கூட்டம் கிடையாது. நாங்கள் அதற்கு முன்பும் அங்கே போய் வரைந்திருக்கிறோம். எனக்கு எதிரே ஓடை இடமிருந்து வலமாக ஓடும். எதிர்க்கரையில் ஒரு வளைந்த மரம். நடுவில் தட்டைப் பாறை. அன்று அதன் மேல் மணியம் நின்றான், கணுக்கால் அளவுத் தண்ணீரில். நான் மூங்கில் புதர் நிழலில் நின்றேன். நல்ல வெயில்.

படம் முக்கால்வாசி முடிந்த நேரம். தண்ணீருக்காகக் கலந்து வைத்திருந்த பச்சையைத் தொட்டு வைத்தேன், பொருந்தவில்லை. என் கலவைதான் காய்ந்து மாறிவிட்டது என்று நினைத்து, கொஞ்சம் மஞ்சள் சேர்த்தேன். அப்போதும் பொருந்தவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். தண்ணீர் மாறியிருந்தது. கண்ணாடி மாதிரி இருந்த தண்ணீர் கலங்கி, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தன. பச்சை மண் வாடை வேறு.

இங்கே இருக்கிறவர்களுக்கு அது என்னவென்று தெரியும். மலாய்க்காரர்கள் கெப்பாலா ஆயர் என்பார்கள். மேலே மலையில் மழை கொட்டியிருக்கும். கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே அந்த வெள்ளம் சுவர் மாதிரி வந்து இறங்கும்.

"மணியம்! தண்ணி கலர் மாறுதுடா! ஏறி வா!"

"தெரியுது லா! இப்பத்தான் நல்ல கலரு வருது. ஒரு நிமிஷம் இரு!"

பாவி. அவனுக்கும் தெரிந்திருக்கிறது. ஓவியன் அல்லாத எந்த மனிதனும் அந்த நிறத்தைப் பார்த்தால் ஓடியிருப்பான். இவன் அதைக் கலக்கிக்கொண்டிருந்தான்.

அப்புறம் சத்தம் வந்தது. லோரியிலிருந்து கல் கொட்டுகிற மாதிரிச் சத்தம். அப்போதுதான் அவன் ஈஸலிலிருந்து கேன்வாஸைக் கழற்றினான். ஆயில் படம் ஈரமாக இருக்கும்போது அதை அக்குளில் இடுக்க முடியாது. பின்பக்கச் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துத்தான் தூக்கவேண்டும். அப்படித்தான் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு பாறையை விட்டு இறங்கினான். தண்ணீர் முழங்கால், பிறகு இடுப்பு.

"போடுடா அத! படத்த விடுடா!"

தொண்டை கிழியக் கத்தினேன். விடவில்லை. விட்டிருந்தால் ஒரு வேரையோ மூங்கிலையோ பிடித்திருப்பான். கை இரண்டும் மேலே இருந்தன. தலை ஒரு தடவை தெரிந்தது. அவ்வளவுதான்.

என் பக்கத்துக் கரையும் பிய்ந்து விழுந்தது. மூங்கில் புதர் வேரோடு போயிற்று. பிறகு பார்த்தால் என் ஈஸல் படத்தோடு மேட்டில் நின்றது. அதை மேலே இழுத்தது நான்தான், வேறு ஆள் அங்கே இல்லை. எப்போது இழுத்தேன் என்று சத்தியமாக நினைவில்லை. போன் வேனில் கிடந்தது, வேன் தோட்டத்து மேட்டில் நின்றது. ஓடினேன்.

பாறை எங்கே?

போம்பா, அதாவது தீயணைப்புப் படை, வந்தது. மீட்புக் குழுவுக்குத் தலைவர் ஒரு தமிழர், பெயர் குமரேசன். நல்ல மனிதர். கத்தவில்லை, அவசரப்படுத்தவில்லை. அதற்குள் சரோஜாவையும் யாரோ அழைத்து வந்துவிட்டார்கள். தோட்டக்காரர் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

வெள்ளம் கொஞ்சம் இறங்கியிருந்தாலும் பாறை ஒன்றும் தெரியவில்லை. எல்லாம் ஒரே மண் நிறம். நான் நின்ற கரையே இல்லை. வளைந்த மரம் மட்டும் எதிரே நின்றது.

"அங்கிள், கடைசியா அவரு எங்க நின்னாரு? அங்கேர்ந்துதான் நாங்க தேட ஆரம்பிக்கணும்."

வாயால் சொல்வதைவிடக் காட்டுவது மேல் என்று, மேட்டிலிருந்த என் படத்தைக் கொண்டுவந்து அவர் முன் வைத்தேன். அவர் முகம் தெளிந்தது. படத்தில் வளைந்த மரம் இருந்தது. அதற்கு வலப்பக்கம், நன்றாகத் தள்ளி, தட்டைப் பாறை இருந்தது.

"போதும் அங்கிள். நல்லா ஹெல்ப் பண்ணியிருக்கீங்க."

மரத்துக்கு வலப்பக்கம் கயிறு கட்டி, அங்கிருந்து கீழ்நோக்கித் தேட ஆரம்பித்தார்கள். சாயங்காலம் வரை தேடினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. மழை வேறு தூற ஆரம்பித்தது. குமரேசன் மறுபடியும் படத்தோடு வந்தார்.

"மரத்துலேர்ந்து பாறைக்கு எவ்ளோ தூரம் இருக்கும்? இந்தப் படத்துல இருக்கிற அளவு சரிதானே?"

அளவு என்ற சொல் காதில் விழுந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

"சார், பாறை அங்க இல்ல. நான் தள்ளி வச்சுட்டேன்."

"தள்ளி வச்சிங்களா? என்னா சொல்றீங்க?"

"படத்துக்கு நல்லா இருக்கணும்னு. நடுவுல இருந்தா நல்லா இருக்காது. எப்பவும் அப்படித்தான் செய்வோம்."

அவர் படத்தைக் கீழே இறக்கினார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"சரி அங்கிள். நெஜமா எங்க இருந்துச்சு? மரத்துக்கு இந்தப் பக்கமா? நேராவா?"

கண்ணை மூடி யோசித்தேன். காலை முழுவதும் அந்த ஓடையைப் பார்த்தவன் நான். கண்ணை மூடினால் படம்தான் வருகிறது. பாறை நான் வைத்த இடத்தில்தான் இருக்கிறது. அதை விலக்கிப் பார்க்கிறேன், மறுபடியும் அங்கேயே வந்து உட்காருகிறது. என் நண்பன் நின்று செத்த இடம் எனக்குத் தெரியவில்லை.

"வேற ஏதாச்சும் அடையாளம்? கம்பி, தூண், பைப்பு?"

"ஒன்னும் இல்ல சார். வெறும் காடு."

சரோஜா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். எழுந்து என் பக்கத்தில் வந்தாள்.

"உசுரோட கேக்கலண்ணே. ஒடம்ப எடுத்துக் குடுக்கச் சொல்லுங்க. ஒரு பிடி சாம்பலாவது என் கையில வாங்கணும். இல்லாட்டி நான் எத வச்சு அழுவேன்?"

பிறகு அவளே, ஏதோ ஞாபகம் வந்தவளாக, "போன தடவ இங்க வந்தப்ப அவரும் ஒன்னு வரஞ்சாரே. அது வீட்லதானே கெடக்கும்?" என்றாள். இடுப்பிலிருந்து சாவியை எடுத்து என் கையில் கொடுத்தாள். அவள் அந்த இடத்தை விட்டு வர மறுத்துவிட்டாள்.

அலமாரிக்குப் பின்னால்

ராத்திரியே மணியம் வீட்டுக்குப் போய் அலமாரியை இழுத்துப் பார்த்தேன். அப்பப்பா, எத்தனை படம்! ஒன்றொன்றாக எடுத்து வெளிச்சத்தில் வைத்தேன். பாலத்தடியில் மாட்டிக்கிடந்த மெத்தை. நுரை மிதக்கும் மதகு. பல்லிளித்துக் கிடக்கிற ஒரு டயர். நான் கேலி செய்யாத படம் அதில் ஒன்றும் இல்லை. பக்கத்தில் நின்று அதே இடத்தை நானும் வரைந்திருக்கிறேன். மெத்தையும் டயரும் அங்கே இருந்ததே எனக்கு ஞாபகமில்லை.

நான் தேடிய படம் கிடைத்தது. அதே ஓடை, அதே வளைந்த மரம். பாறை மரத்துக்கு இடப்பக்கம் இருந்தது. வலம் அல்ல, இடம். அதற்கு மேலே, ஓடைக்குக் குறுக்கே, துருப்பிடித்த ஒரு தண்ணீர்க் குழாய் போனது. தோட்டத்துக்குத் தண்ணீர் எடுக்கிற பழைய குழாய். எதிர்க்கரையில் ஒரு சிமெண்டுத் தூண் அதைத் தாங்கி நின்றது. பாறை குழாய்க்கு நேர் கீழே.

அந்தக் குழாய்க்கு அடியில் அன்று காலை முழுவதும் மணியம் நின்றிருக்கிறான். பைப்பு இருக்கிறதா என்று கேட்டவரிடம் வெறும் காடு என்று சொன்னேன். அதைப் பொய்யாகச் சொல்லவில்லை. வரையும்போது அதை விட்டுவிட வேண்டும் என்று முதல் தடவையே முடிவு செய்தவன், அதற்குப் பிறகு அதைப் பார்க்கவே இல்லை.

விடிகிற நேரத்தில் படத்தைக் குமரேசனிடம் கொடுத்தேன். குழாய் வெள்ளத்தில் போயிருந்தது. அவருடைய ஆட்கள் எதிர்க்கரையில் செடிகொடிகளை வெட்டித் தள்ளினார்கள். தூண் நின்றது. அதற்கு நேராகக் கயிறு கட்டி இறங்கினார்கள்.

மணியம் அங்கேதான் இருந்தான். பாறைக்குக் கொஞ்சம் கீழே, என் பக்கத்துக் கரையின் வேர்களுக்கு அடியில் மாட்டிக்கொண்டு. முதல் நாள் நாங்கள் தேடத் தொடங்கிய இடத்துக்கு மேலே. அந்தச் சாயங்காலம் முழுவதும் அவனை விட்டு விலகி விலகிப் போய்த் தேடியிருக்கிறோம். சரோஜா அவன் முகத்தைத் துடைத்தாள். நான் அவன் காலைப் பிடித்துக்கொண்டு, "ஒரு படத்துக்காடா? ஒரு கழுதப் படத்துக்காடா?" என்று கேட்டேன். அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகமாக வந்தது. இன்றைக்கும் அப்படித்தான்.

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்று சொல்வார்கள். அதைச் சொன்னவன் கரையில் நின்றிருப்பான். முழுகிப்போனவன் மனைவியைக் கேட்டுப் பாருங்கள், சாணும் முழமும் என்னவென்று சொல்வாள்.

சரோஜா கேட்டது

கருமாதி முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு சரோஜா என்னைக் கூப்பிட்டாள்.

"அன்னிக்கு நீங்க வரஞ்ச படம் இருக்குல்லண்ணே? அத எனக்குக் காட்டுங்க. போம்பாகாரங்க கையில இருந்தப்ப நான் சரியா பாக்கல."

எதற்கென்று கேட்காமல் மறுநாள் கொண்டுபோனேன். படம் காய்ந்திருந்தது. சாப்பாட்டு மேசையில் சாய்த்து வைத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டுக் கிட்டத்தில் உட்கார்ந்தாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். மரத்தைப் பார்த்தாள், தண்ணீரைப் பார்த்தாள், பாறையை விரலால் தொட்டாள். கிட்டத்தில் குனிந்து தேடினாள். நெடுநேரம் தேடினாள். அவள் எதைத் தேடுகிறாள் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"எங்கண்ணே அவரு?"

பாறை மேல் விரலை வைத்தபடியே மறுபடியும் கேட்டாள்.

"உங்களுக்கு நேரா, நடு ஆத்துலதானே நின்னாரு? கடைசியா எப்படி நின்னாருன்னு பாக்கணும்னு நெனச்சேன். எங்க போட்டிருக்கீங்க?"

"போடலம்மா."

"ஏன்?"

இந்தத் தொழிலில் எத்தனையோ கஸ்டமருக்கு எத்தனையோ பதில் சொல்லியிருக்கிறேன். ஆள் நின்றால் கண் ஆள் மேலேயே போகும், ஆறு எடுபடாது என்பது ஒரு பதில். அது உண்மையும்கூட. அதை அவளிடம் சொன்னேன். வேறு என்ன சொல்வது?

அவள் அழவில்லை. படத்தைத் திருப்பி என் பக்கம் தள்ளி வைத்தாள்.

"அவ்ளோ நேரம் கண்ணுக்கு முன்னால நின்ன மனுஷன், உங்களுக்கு எடஞ்சலா இருந்திருக்காரு" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. எழுந்து போய் எனக்குத் தேநீர் கலந்துகொண்டு வந்தாள். குடித்தேன்.

வீட்டில் வைத்து அவனை அந்தப் பாறையில் வரைந்து கொடுக்கப் பார்த்தேன். வரவில்லை. அவன் முகம் தெரியும், தொப்பி தெரியும். அன்றைக்கு எந்தக் காலை முன்னால் வைத்து நின்றான், எந்தப் பக்கம் சாய்ந்திருந்தான் என்று தெரியவில்லை. சும்மா ஒரு ஆளை நிறுத்தி அவளை ஏமாற்ற மனம் வரவில்லை.

இன்றைக்கும் ஆற்றுக்குப் போகிறேன். இப்போது போன் சட்டைப் பையில் இருக்கிறது. நிறம் மாறினால் பிரஷ்ஷைக் கீழே போட்டுவிட்டு மேட்டுக்கு ஏறுகிறேன், நீங்களும் ஏறுங்கள். வெள்ளம் வந்தால் படத்தை விடுங்கள், அது வெறும் துணி. கல்லை நகர்த்துவது தப்பு என்று இப்போதும் சொல்ல மாட்டேன். நகர்த்துங்கள். மரத்தையும் வளையுங்கள், தண்ணீருக்கு நீலமும் போடுங்கள், பிழைக்கவேண்டும் இல்லையா? ஆனால் உங்களுக்கு எதிரே ஒரு ஆள் நின்றால், கல்லையும் தண்ணீரையும் தொடுவதற்கு முன்னால் அவரைப் போடுங்கள். அதற்குள் வெயில் மாறிப்போனால் போகட்டும்.